'கிரெடிட்' ஆயிருச்சுன்னா பணம் நம்மளுதா?



பஸ், பேங்க், லோன், பில், செல் என்று எத்தனையோ இங்கிலீஷ் சொற்களை நாம் தினமும் பேசுகிறோம். அர்த்தம் கேட்டால் சட்டென்று சொல்லியும் விடுவோம். ஆனால் ஒரு சொல் மட்டும் இடத்துக்கு இடம் அர்த்தம் மாறிக்கொண்டே இருக்கிறது. பாஸ்புக்கில் வந்தால் வரவு. கார்டில் வந்தால் கடன். கடைக்காரர் சொன்னால் பாக்கி. மேடையில் சொன்னால் பாராட்டு. அந்தச் சொல்தான் 'கிரெடிட்'. இந்த மாதப் பாடத்தில் அதைப் பற்றித் தெரிந்து கொள்வோம். ஏன் இதற்கு ஒரு பாடம் என்று கேட்பீர்கள். முதலில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு அக்காவுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

ஒரு எஸ்.எம்.எஸ். செய்த வேலை

அந்த அக்கா மாட்டுக் கொட்டகை போட மானியம் கேட்டு மனு கொடுத்திருந்தார். அதே சமயத்தில் ஒரு தனியார் கடன் நிறுவனத்து ஆள் தெருவுக்கு வந்தார். "மாடு வச்சிருக்கவங்களுக்கு உதவி வருது" என்று சொல்லி ஆதார், போட்டோ, கைரேகை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து அக்காவின் செல்லுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. பத்தாவது படிக்கும் மகன் படித்துச் சொன்னான்:

"அம்மா, 38,700 ரூபா கிரெடிட் ஆயிருக்கு. பணம் வந்திருச்சும்மா!"

பையன் படித்ததில் தப்பில்லை. பணம் வந்தது உண்மைதான். மானியம்தான் வந்துவிட்டது என்று அக்கா நினைத்தார். அடகு வைத்த தோட்டை மீட்டார். மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டினார். மிச்சத்தில் கொட்டகைக்குத் தகரம் வாங்கினார். அடுத்த மாதம் அதே ஆள் வந்து, "முதல் தவணை கட்டுங்கக்கா" என்று திண்ணையில் உட்கார்ந்தார்.

"எதுக்குத் தவணை? அது மானியமாச்சே!"

"இல்லக்கா, உங்களுக்கு 40,000 ரூபா கிரெடிட் குடுத்திருக்கு. கார்டைப் பாருங்க."

குழுக் கூட்டத்தில் எல்லோருமாக அந்தக் கார்டைப் பார்த்தோம். கடன் 40,000. பரிசீலனைக் கட்டணம் வரியோடு சேர்த்து 472. இன்சூரன்ஸ் 828. இந்த 1,300-ஐப் பிடித்துக்கொண்டு மிச்சம் 38,700-ஐக் கணக்கில் போட்டிருக்கிறார்கள். ஆனால் திருப்பிக் கட்ட வேண்டியது 40,000, அதற்கு மேல் வட்டி. அந்த ஆள் சொன்ன 'கிரெடிட்' கடன். மகன் படித்த 'கிரெடிட்' வரவு. ஒரே சொல்தான். நடுவில் மாட்டிக்கொண்டது நம்ம அக்கா.

மூலம்: நம்பிக்கை

ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு எதிர் அர்த்தம் வந்தது? லத்தீன் என்ற பழைய மொழியில் 'க்ரெடெரே' என்றால் நம்புவது. அதிலிருந்துதான் கிரெடிட் வந்தது. இங்கிலீஷில் அது புழக்கத்துக்கு வந்து ஏறக்குறைய 500 வருஷம் ஆகிறது.

கடன் கொடுக்கிறவர் என்ன செய்கிறார்? "இந்த அம்மா திருப்பித் தந்துவிடுவார்" என்று நம்பித் தருகிறார். ஆகவே கடனுக்கு கிரெடிட் என்று பேர். நாம் பேங்கில் பணம் போடும்போது என்ன செய்கிறோம்? "கேட்கும்போது திருப்பித் தருவார்கள்" என்று நம்பித்தான் போடுகிறோம். அப்போது கடன் கொடுப்பது நாம், கடன் வாங்குவது பேங்க்! ஆகவே நாம் போட்ட பணத்தையும் பேங்க் தன் கணக்கில் கிரெடிட் என்றே எழுதுகிறது.

இதை மட்டும் புரிந்து கொண்டால் போதும். கிரெடிட் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும், 'யார் யாரை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள்?' என்று கேளுங்கள். அர்த்தம் தானாக விளங்கும்.

1. சேமிப்புப் பாஸ்புக்கில் கிரெடிட்: வரவு

சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியிலும் பற்று, வரவு, இருப்பு என்று மூன்று தொகைக் கட்டங்கள் இருக்கும். பற்று என்பது டெபிட், நம் கணக்கிலிருந்து போனது. வரவு என்பது கிரெடிட், நம் கணக்குக்கு வந்தது. இருப்பு என்பது பேலன்ஸ்.

சில பாஸ்புக்கில் சுருக்கமாக சி.ஆர்., டி.ஆர். என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களும் இதைக் கண்டுபிடிக்கலாம். பிறை நிலா போல வாய் திறந்து இருந்தால் அது சி. வில்லில் நாண் பூட்டியது போல மூடி இருந்தால் அது டி. வாய் திறந்திருந்தால் பணம் உள்ளே வந்தது என்று ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது நம்மில் பலருக்கு 1,000 ரூபாய் கிரெடிட் ஆனதாக எஸ்.எம்.எஸ். வந்தது. பால் சொசைட்டிப் பணமும் இப்படித்தான் வருகிறது. அதெல்லாம் நம் பணம். ஆனால் கடன் தொகையும் இதே கட்டத்தில், இதே சொல்லோடுதான் வந்து விழும். கணக்குக்கு வந்த பணம் எல்லாம் நம் பணம் ஆகிவிடாது. அதை யார் அனுப்பினார்கள் என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதியிருக்கும். அந்தப் பேரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2. கடன் கணக்கில் கிரெடிட்: நாம் கட்டியது

குழுவுக்கு பேங்கில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று சேமிப்புக் கணக்கு, மற்றது கடன் கணக்கு. இரண்டுக்கும் நம்பர் வேறு. கடன் கணக்கில் பேங்க் நமக்குக் கொடுத்த தொகை டெபிட் பக்கம் இருக்கும். நாம் கட்டும் தவணை கிரெடிட் பக்கம் வரும். கடைசியில் இருப்பு என்று போட்டு டி.ஆர். என்றோ கழித்தல் குறியோ இருந்தால், அது நம் கையிருப்பு கிடையாது. நாம் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி.

இதில் பல குழுக்கள் ஏமாந்து போகின்றன. தவணைப் பணத்தை எடுத்துக்கொண்டு போகும் பிரதிநிதி அவசரத்தில் சேமிப்புக் கணக்கு நம்பரை எழுதிவிடுகிறார். பணம் சேமிப்பில் கிரெடிட் ஆகிறது. கடன் கணக்கில் தவணை விழவில்லை. நாம் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறோம். பேங்க் கணக்கில் நாம் தவணை தவறியவர்கள்! ஆகவே ரசீது வாங்கினால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறை கடன் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, 'நாம் கட்டியது கடன் கணக்கில் கிரெடிட் ஆகியிருக்கிறதா?' என்று கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பார்க்க வேண்டும்.

3. கார்டில் கிரெடிட்: கடன்

ஏ.டி.எம்.மில் போட்டுப் பணம் எடுக்கும் கார்டு டெபிட் கார்டு. அது நம் கணக்கில் உள்ள நம் பணத்தை எடுக்கிறது. கிரெடிட் கார்டு அப்படி இல்லை. அது பேங்கின் பணத்தைக் கடனாகக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஃப்ரீயா கார்டு தர்றோம்" என்று போனில் பேசினால் "எந்தக் கார்டு?" என்று முதலில் கேளுங்கள்.

கிசான் கிரெடிட் கார்டு 1998-ல் வந்தது. இது விவசாயிகளுக்கான பயிர்க்கடன். பிறகு ஆடு, மாடு, கோழி, மீன் வளர்ப்பவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. குறித்த நாளில் திருப்பிக் கட்டினால் வட்டியில் சலுகை உண்டு. பேரில் கார்டு என்று இருந்தாலும் அது கடன்தான். மானியம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

4. குழுவில் கிரெடிட்: நம் ஒற்றுமைக்குக் கிடைத்த மதிப்பு

பேங்கில் 'கிரெடிட் லிங்கேஜ்' என்று சொல்வார்கள். குழுவைக் கடனோடு இணைப்பது என்று அர்த்தம். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களைக் குறியாக வைத்து இதைச் சோதனையாகத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களை அமைக்கத் தொடங்கியிருந்தது. பத்திரம் இல்லை, நகை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. இவர்களை நம்பி எப்படிக் கடன் தருவது என்று கேட்ட காலம் அது.

குழுவின் பஞ்சசூத்திரம்தான் அதற்குப் பதில் சொன்னது. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்கான திருப்பம், சரியான கணக்கு. இந்த ஐந்தையும் பார்த்துத்தான் பேங்க் நம்மை நம்புகிறது. இந்த நம்பிக்கைதான் கிரெடிட்டின் முதல் அர்த்தம் என்று மேலே பார்த்தோம். 2021-ல் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தியது. ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள குழுக்கள் ஈடு இல்லாமல் பெறும் கடன் 20 லட்சம் வரை உயர்த்தப்பட்டது. ஈடில்லாக் கடனுக்காகக் குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது. கேட்டால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

5. கிரெடிட் ஸ்கோர்: நம்பிக்கைக்குப் போடும் மார்க்

கடன் வாங்கியவர் எப்படிக் கட்டினார் என்பதைக் குறித்து வைக்கும் நிறுவனங்கள் உள்ளன. 2000-ல் தொடங்கிய சிபில் அதில் ஒன்று. அதனால்தான் 'சிபில் பார்க்கணும்' என்று பேங்கில் சொல்கிறார்கள். 300-லிருந்து 900 வரை மார்க் போடுவார்கள். மார்க் கூடினால் நம்பிக்கை கூடும்.

"குழுக் கடன்தானே, என் பேருக்கு என்ன வந்தது?" என்று சிலர் நினைப்பது உண்டு. அப்படி இருந்துவிட முடியாது. குழுக் கடனிலும் ஒவ்வொரு உறுப்பினர் பேரிலும் விவரம் அனுப்ப வேண்டும் என்று 2016-ல் ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கு அறிவுறுத்தியது. அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாலும், அவர் கட்டாவிட்டால் நம் பேருக்கும் பாதிப்பு வரும்.

நம் கிரெடிட் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பெற நமக்கு உரிமை உண்டு. கட்டி முடித்த கடனை நிலுவை என்று காட்டியிருந்தால் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 30 நாளில் சரி செய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024-ல் நடைமுறைக்கு வந்தது. மகளின் கல்விக் கடனுக்குப் போகும்போது, "உங்க பேர்ல பழைய பாக்கி இருக்கு" என்று கேட்டுத் திகைத்து நிற்பதை விட, முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

6. இன்சூரன்சில் கிரெடிட்

கடன் கார்டில் 'கிரெடிட் லைஃப்' என்று ஒரு வரி இருக்கலாம். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மிச்சக் கடனை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும் என்று அர்த்தம். நம்ம அக்கா கார்டில் 828 ரூபாய் பிடித்தது இதற்குத்தான். பிரீமியம் பிடிக்கிறார்கள் என்றால் சான்று வாங்கி வீட்டில் வையுங்கள். நமக்கு மட்டுமா, கணவருக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் இது தெரியாத பிள்ளைகள் கடனைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள்.

7. வியாபாரத்தில் கிரெடிட்: கடன் கொடுப்பது நாம்

அப்பளம், மசாலா, துணிப்பை செய்து விற்கும் குழுக்களுக்கு இது முக்கியம். "சரக்கைப் போட்டுட்டுப் போங்கம்மா, ஒரு மாசம் கிரெடிட்" என்று கடைக்காரர் சொன்னால், நாம் அவருக்கு ஒரு மாதம் வட்டி இல்லாமல் கடன் கொடுக்கிறோம் என்று அர்த்தம். அந்தச் சரக்கை நாம் செய்தது உள்கடன் வாங்கி. அதற்கு நாம் மாதா மாதம் வட்டி கட்டுகிறோம். ஆகவே விலை பேசும்போதே இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனை நாள் தவணை என்று பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். உத்யம் பதிவு செய்த சிறு தொழிலாக இருந்தால், 2006-ஆம் வருஷச் சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும்.

8. பேர் வாங்கும் கிரெடிட்

"இந்த வேலையோட கிரெடிட் எல்லாம் அவங்களுக்குத்தான்" என்று சொல்வார்கள். இங்கே கிரெடிட் என்றால் பாராட்டு. காலேஜ் போகும் மகள், "இந்த செமஸ்டர்ல 22 கிரெடிட்" என்றால் பயப்பட வேண்டாம். அது பாடத்துக்கு உண்டான மதிப்புக் கணக்கு, கடன் இல்லை.

பாராட்டு என்ற அர்த்தத்திலும் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காலையில் பால் கறப்பது நாம், சொசைட்டிக்குக் கொண்டு போவது நாம். "யார் மாடு?" என்று கேட்டால் வீட்டுக்காரர் பேரைச் சொல்கிறோம். குழுக் கடனை வாங்கி அவரிடம் கொடுத்துவிடுகிறோம். தொழில் நன்றாக நடந்தால் கிரெடிட் அவருக்கு. தவணை தவறினால் கையெழுத்துப் போட்டவர் நாம். கடன் என்ற கிரெடிட் நம் பேரில் இருக்கும்போது, வரவு என்ற கிரெடிட்டும், பாராட்டு என்ற கிரெடிட்டும் நம் பேரில் இருக்க வேண்டாமா?

ஏமாற்றுக்காரர் சொல்லும் கிரெடிட்

"தெரியாம உங்க நம்பருக்கு 5,000 ரூபா கிரெடிட் ஆயிருச்சு, கொஞ்சம் திருப்பி அனுப்புங்க" என்று ஒருவர் அழாத குறையாகப் பேசுவார். எஸ்.எம்.எஸ்.கூட வந்திருக்கும். அந்த எஸ்.எம்.எஸ். பொய்யாக இருக்கலாம். பேங்கில் இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே பணம் வந்திருந்தாலும் பேங்க் மூலமாகத்தான் திருப்ப வேண்டும், நாமாக அனுப்பக் கூடாது. "பின் நம்பர் போட்டாத்தான் பணம் கிரெடிட் ஆகும்" என்பதும் மோசடி. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம்மை விட்டுப் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். பேங்குக்கும் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கிரெடிட் என்ற சொல் காதில் விழுந்தால்:

• இது யார் பணம்?
• இதைத் திருப்பித் தர வேண்டுமா? எவ்வளவு, எப்போது?
• கையில் வருவது எவ்வளவு? கட்ட வேண்டியது எவ்வளவு?

சிறுகடன் தரும் எந்த நிறுவனமும் வட்டி, கட்டணம், தவணை எல்லாம் அடங்கிய விவரத் தாளை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். ரிசர்வ் வங்கி இந்த விதியை 2022 ஏப்ரல் முதல் கொண்டு வந்தது. சிறுகடனை முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் போடக் கூடாது என்பதும் அந்த விதியில்தான் இருக்கிறது.

நம்ம அக்காவுக்குக் கை கொடுத்ததும் அந்த விதிதான். குழுவில் உள்கடன் கொடுத்தோம். தோட்டை மறுபடி அடகு வைக்காமல், அபராதம் இல்லாமல், அந்தக் கடனை மூன்றாம் மாதமே அடைத்தார். கட்டணமும் இன்சூரன்சும் போனது போனதுதான். இப்போது எஸ்.எம்.எஸ். வந்தால் மகனிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "கிரெடிட்னு போட்டிருக்கா? சரி, யார் போட்டதுன்னு படிடா!"

பயிற்சி

கீழே உள்ளவற்றைக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கிரெடிட் என்பதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள்.

1. பால் சொசைட்டியிலிருந்து 2,140 ரூபாய் கிரெடிட்.
2. குழுவுக்கு 3 லட்சம் கிரெடிட் லிங்கேஜ் ஆகியிருக்கிறது.
3. கடன் பாஸ்புக்கில் 9,500 ரூபாய் கிரெடிட்.
4. "போன மாச அப்பளம் இன்னும் கிரெடிட்லதான் இருக்கு."
5. "பின் நம்பரைப் போடுங்க, 5,000 கிரெடிட் ஆகும்."

விடைகள்: 1. வரவு, நம் பணம். 2. கடன், திருப்பிக் கட்ட வேண்டும். 3. நாம் கட்டிய தவணை. 4. கடைக்காரர் நமக்குத் தர வேண்டிய பாக்கி. 5. மோசடி, போனை வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் பாஸ்புக்கையும் கடன் கார்டையும் எடுத்து வாருங்கள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பிறை நிலா எங்கே, நாண் பூட்டிய வில் எங்கே என்று சேர்ந்து தேடுவோம்.